லோரிக்கு என்ன நிறம்

அம்பிகைபாகன்: ...அதனாலதான் சொல்றேன், முதல் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லக் கூடாது. முதல் கேள்வி எப்பவும் பொறி. ஸ்டேஷன் மாஸ்டர் பிரமோஷனுக்குக் கோலாலம்பூர் போனேனே, அந்த வெள்ளைக்காரன் முதல்ல என்ன கேட்டான்? 'பசியாறியாச்சா'ன்னான். ஆமான்னு சொன்னவன் எல்லாம் அடுத்த ரயில்ல வீட்டுக்குப் போயிட்டான்.

ஞானாம்பிகை: நீங்க என்ன சொன்னீங்க?

அம்பிகைபாகன்: 'துரை பசியாறாம நான் எப்படி'ன்னேன். துரை எழும்பி நின்னு கை கொடுத்தாரு. கண்ணுல தண்ணி.

ஞானாம்பிகை: போன வருஷம் சொன்னப்ப கண்ணுல தண்ணி வரலையே.

அம்பிகைபாகன்: வயசாக ஆக எல்லாருக்கும் வரும்லா.

ஞானாம்பிகை: இஞ்சாருங்கோ, நாம போறது இன்டர்வியூக்கு இல்ல. கவுன்சலிங். பிள்ளைக்காகப் போறோம்.

அம்பிகைபாகன்: எதிர்ல ஒரு அம்மா உட்காருது. கேள்வி கேக்குது. கடிகாரத்தப் பாக்குது. ஒரு மணி நேரமானா வெளிய போகச் சொல்லுது. இதுக்குப் பேரு வேற என்னவாம்?

ஞானாம்பிகை: அதுக்காகக் கழுத்துல டை கட்டணுமா? கவுன்சலர் சந்திரிகா போன தடவ உங்க டையப் பாத்துட்டுச் சிரிப்ப அடக்கத் தண்ணி குடிச்சிச்சு.

அம்பிகைபாகன்: அது மரியாதையில தொண்டை காஞ்சு போய்க் குடிச்சது.

ஞானாம்பிகை: பாலத்துல போயிருந்தா இந்நேரம் அக்கரையில மெக்காலிஸ்டர் ரோட்ல அந்த அம்மா வாசல்ல இருப்போம். பாலம் திறந்து ரெண்டு வருஷமாச்சு. நீங்க இன்னும் பட்டர்வொர்த்ல ஃபெரிக்கு வரிசை பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க.

அம்பிகைபாகன்: பாலத்துல காத்து அதிகம். நாகநாதன் ஓட்டிக்கிட்டுப் போன காடிய போன மாசம் அப்படியே தூக்கிக்கிட்டுப் போய் சுமத்ராவுல இறக்கிருச்சு.

ஞானாம்பிகை: நாகநாதன் அண்ணே நேத்து கோயில்ல நின்னாரு.

அம்பிகைபாகன்: திரும்பி வந்துட்டான்.

ஞானாம்பிகை: நேரத்த இழுக்கிறதுக்குத்தான் ஃபெரின்னு ஒத்துக்கிட்டா என்ன? சரி விடுங்க. சற்குணம், பின்னால காத்து வருதா தம்பி? கண்ணாடிய இறக்கவா?

சற்குணம்: ...

அம்பிகைபாகன்: வேணாங்குறான்.

ஞானாம்பிகை: அவன் ஒண்ணும் சொல்லல.

அம்பிகைபாகன்: சொல்லலைன்னா வேணாம்னுதான் அர்த்தம். இருபத்து நாலு வருஷமா வளக்கிறேன், எனக்குத் தெரியாதா?

ஞானாம்பிகை: இதத்தான் அந்த அம்மா தலைதலையா அடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தரைக் கேட்டா இன்னொருத்தர் பதில் சொல்லக் கூடாது. நிமிஷக் கணக்கா ஆனாலும் காத்திருக்கணும். போன தடவ என்ன செஞ்சீங்க? 'சற்குணம், தூக்கம் எப்படி இருக்கு'ன்னு அவனைக் கேட்டாங்க. நீங்க நிபோங் திபால் ஸ்டேஷன்ல மூணு நாள் நின்னுக்கிட்டே தூங்கின கதைய ஆரம்பிச்சீங்க.

அம்பிகைபாகன்: தூக்கத்தப் பத்தித்தானே கேட்டாங்க.

ஞானாம்பிகை: அவன் வாயத் திறந்தான்.

அம்பிகைபாகன்: எப்ப?

ஞானாம்பிகை: நீங்க மூணாம் நாள் தூங்கிக்கிட்டு இருந்தப்ப. உதடு பிரிஞ்சது, நான் பாத்தேன். சந்திரிகாவும் பாத்தாங்க. அதுக்குள்ள உங்க கதையில மெயில் வண்டி வந்துருச்சு. அவன் மூடிக்கிட்டான்.

அம்பிகைபாகன்: ...என்கிட்ட ஏன் அப்பவே சொல்லல?

ஞானாம்பிகை: எந்த இடைவெளியில சொல்ல?

அம்பிகைபாகன்: சரி, சரி. அந்த அம்மா மேலயும் தப்பு இருக்கு. மருந்து கிடையாது, ஊசி கிடையாது. தலைய ஒரு பக்கம் சாய்ச்சுக்கிட்டு 'ம்'ங்குது. அந்த 'ம்'ல என்ன மாந்திரீகமோ, என் முப்பது வருஷ சர்வீஸையும் கொட்டிட்டேன். இன்னும் ரெண்டு 'ம்' போட்டிருந்தா ரயில்வே ரகசியத்தையும் சொல்லியிருப்பேன்.

ஞானாம்பிகை: எனக்கு அது மருந்துதான்.

அம்பிகைபாகன்: எது?

ஞானாம்பிகை: போன வாரம் உங்கள வெளிய உட்கார வச்சுட்டு என்னைத் தனியா கூப்பிட்டாங்களே. ஒரு மணி நேரம் பேசினேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து படுத்தேன் பாருங்க, ஒன்பது மாசத்துல, தைப்பூசத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் விடியிற வரைக்கும் தூங்கினேன்.

அம்பிகைபாகன்: நானும் கவனிச்சேன். நம்ம பாகான் டாலாம் முழுக்கக் கேக்குற மாதிரி குறட்டை. பக்கத்து வீட்டுக்காரன் கதவத் தட்டி, மில்லு எப்ப வாங்கினீங்கன்னு கேட்டான்.

ஞானாம்பிகை: சிரிங்க, சிரிங்க.

அம்பிகைபாகன்: அப்படி என்னதான் பேசின?

ஞானாம்பிகை: உங்க மேல இருக்கிற கோபத்தப் பேசினேன்.

அம்பிகைபாகன்: ...ஒரு மணி நேரமா?

ஞானாம்பிகை: நேரம் போதல. இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்காங்க.

அம்பிகைபாகன்: முன்னால நகருது. இரு, காடிய எடுக்கிறேன். என்ன கோபம்? நான் என்ன செஞ்சேன்? தொண்டை டாக்டர், நரம்பு டாக்டர், தலைய ஸ்கேன் எடுக்கிறவன்னு பிள்ளைய எங்கதான் கூட்டிக்கிட்டுப் போகல? மலேசியாவுல நான் பாக்காத டாக்டர் இனிமேத்தான் பிறக்கணும்.

ஞானாம்பிகை: எல்லாரும் ஒண்ணுதான் சொன்னாங்க. தொண்டையில ஒண்ணும் இல்ல. மனசுல இருக்குன்னு. கை எலும்பு கூடிருச்சு. பேச்சு மட்டும் வரல. ஜபருல்லாவ அடக்கம் பண்ணின அன்னைக்கு வாய மூடினவன்.

அம்பிகைபாகன்: மெதுவா பேசு. அவன் காதுல விழும்.

ஞானாம்பிகை: விழட்டும். ஒன்பது மாசமா அவன் பேர வீட்ல யாரும் சொல்லல. பள்ளிக்கூடத்துல இருந்து ஒண்ணா வளந்த பிள்ளை. என் கையால எத்தனை தோசை தின்னிருக்கான். செத்தவன் பேரச் சொல்லாம இருந்தா உயிரோட இருக்கிறவனுக்கு நல்லதுன்னு நாமளா நினைச்சுக்கிட்டோம்.

அம்பிகைபாகன்: அதான் இன்னைக்கு ஒத்திகை பாத்துக்கிட்டுப் போவோம்னு சொல்றேன். இப்ப நான்தான் சந்திரிகா. 'ம்... மிஸ்டர் அம்பிகைபாகன், அந்த விபத்தப் பத்தி உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க.' இப்ப நான் நான். 'அம்மா, பைராம் தோட்டத்து ரோடு. ரெண்டு பக்கமும் செம்பனை, நடுப்பகல்ல இருட்டு. எம் மகன் மோட்டார் சைக்கிள யானைப்பாகன் மாதிரி நிதானமா ஓட்டிக்கிட்டு வரான். பின்னால ஜபருல்லா. அப்ப எதிர்ல வருது பாருங்க ஒரு மரக்கட்டை லோரி...'

ஞானாம்பிகை: போன தடவ அது மண் லோரி.

அம்பிகைபாகன்: மண்ணும் இருந்திச்சு. கட்டைக்குக் கீழ.

ஞானாம்பிகை: அதுக்கு முந்தின தடவ சின்ன வேன்.

அம்பிகைபாகன்: வேன்னு யார் சொன்னா? பதினெட்டுச் சக்கரம். பேராக் காட்டையே வெட்டி ஏத்திக்கிட்டு வரான். டிரைவர் தூங்குறான், கிளீனர் தூங்குறான், லோரி மட்டும் முழிச்சுக்கிட்டு வருது. எம் மகன் என்ன செஞ்சான்? தன் உயிரப் பாக்கல. ஒரு கையால மோட்டார ஒடிச்சு, மறு கையால பின்னால இருக்கிறவனை...

ஞானாம்பிகை: நிறுத்துங்க.

அம்பிகைபாகன்: நல்ல இடத்துல நிறுத்தச் சொல்றியே.

ஞானாம்பிகை: அந்த ஆள் நம்மள வரச் சொல்லிக் கை காட்டுறான். ஏத்துங்க.

அம்பிகைபாகன்: இந்தா, ஏறியாச்சு. பாத்தியா, முட்டாம மோதாம. இந்த ஃபெரிக்காரன் என்னைப் பாத்தா சல்யூட் அடிப்பான்.

ஞானாம்பிகை: நமக்குப் பின்னால காடி நிக்குதா?

அம்பிகைபாகன்: ஒரு ஊரே நிக்குது.

ஞானாம்பிகை: முன்னால?

அம்பிகைபாகன்: இன்னொரு ஊரு.

ஞானாம்பிகை: அப்ப நீங்க நினைச்சாலும் திரும்ப முடியாது.

அம்பிகைபாகன்: திரும்பினா கடல்தான். ஏன் கேக்குறே?

ஞானாம்பிகை: இன்னைக்கு அந்த ரூம்ல இன்னொரு நாற்காலி போட்டிருக்கும். சுலைஹா வருது.

அம்பிகைபாகன்: எந்த சுலைஹா?

ஞானாம்பிகை: நமக்குத் தெரிஞ்சது எத்தனை சுலைஹா? ஜபருல்லாவோட உம்மா. காலையிலயே அக்கரைக்குப் போயாச்சு. இந்நேரம் சந்திரிகாவோட மாடி ரூம்ல உக்காந்திருக்கும்.

அம்பிகைபாகன்: யாரைக் கேட்டு?

ஞானாம்பிகை: சற்குணத்தக் கேட்டு. சந்திரிகா அவன்கிட்ட தனியா மூணு தடவ கேட்டாங்க. மூணு தடவையும் தலையாட்டினான். எனக்கும் தெரியும். உங்களுக்குச் சொன்னா நீங்க காடிக்கு வயித்து வலி வந்துருச்சும்பீங்க. அதான் ஃபெரி ஏறுற வரைக்கும் வாயத் திறக்கல.

அம்பிகைபாகன்: பாலத்துல போகலியேன்னு குறை சொல்லிக்கிட்டு வந்தியே...

ஞானாம்பிகை: நீங்க ஃபெரிதான்னு பிடிவாதம் பிடிக்கணுமே, அதுக்குத்தான்.

அம்பிகைபாகன்: அடிப்பாவி. முப்பது வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தினதுக்கு எனக்குத்தான் சிலை வைக்கணும்.

ஞானாம்பிகை: வைப்பாங்க. டையோட.

அம்பிகைபாகன்: சரி. வரட்டும். அதுக்கென்ன? அதோட வீட்டுக்காரன் சீனி முகம்மது எனக்குத் தம்பி மாதிரி, சுலைஹா தங்கச்சி மாதிரி. வந்தா ஆறுதல் சொல்லுவோம். அந்த லோரிய நான் விடப் போறதில்லன்னு...

ஞானாம்பிகை: சாயங்காலம் சாயங்காலம் சுலைஹா எங்க நிக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?

அம்பிகைபாகன்: எங்க?

ஞானாம்பிகை: பெரிய ரோட்டு முக்குல. அசர் தொழுதுட்டு வந்து நிக்கும். போற வர்ற லோரிய எல்லாம் பாக்கும். மழைன்னாலும் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கும். சிவப்புத் தலை, இடது பக்க விளக்கு உடஞ்சது. அதத்தான் தேடுது.

அம்பிகைபாகன்: சிவப்புன்னு அதுக்கு யாரு சொன்...

ஞானாம்பிகை: நினைவு வருதா?

அம்பிகைபாகன்: ...நாப்பதாம் நாள் பாத்திஹா ஓதுறதுக்கு அவங்க வீட்டுக்குப் போனப்ப கேட்டிச்சு. 'அண்ணே, அந்த லோரிக்கு என்ன நிறம்'னு. முகத்தப் பாத்துக்கிட்டே கேட்டிச்சு, ஞானம். தெரியாதுன்னு சொல்ல வாய் வரல.

ஞானாம்பிகை: ஒன்பது மாசமா சற்குணம் ஜன்னல் பக்கத்துல உக்காந்து எதப் பாக்குறான்னு நினைச்சீங்க? அந்த முக்க. அங்க இருந்து பாத்தா சுலைஹாவோட குடை தெரியும். இதத்தான் நான் அந்த அம்மாகிட்ட ஒரு மணி நேரம் பேசினேன். பேசினப்பதான் எனக்கே விளங்கிச்சு. கேக்குறேன், கோவிச்சுக்காம சொல்லுங்க. அந்த லோரிய நீங்க பாத்தீங்களா?

அம்பிகைபாகன்: நான் எப்படிப் பாப்பேன். நான் வீட்ல கோப்பி குடிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஞானாம்பிகை: சற்குணம் சொன்னானா?

அம்பிகைபாகன்: அவன் எங்க சொன்னான். ஆஸ்பத்திரி வராந்தாவுல சீனி முகம்மது என் கையப் பிடிச்சுக்கிட்டான். 'எம்பிள்ள மேல தப்பா, உங்க பிள்ள மேல தப்பா'ன்னு கேட்டான். உள்ள ஒரு பிள்ளை மூச்சில்லாமக் கிடக்கு. இன்னொண்ணு கையொடிஞ்சு சுவரப் பாத்துக்கிட்டு இருக்கு. என்ன சொல்லுவேன்? ரெண்டு பிள்ளைங்க மேலயும் தப்பில்லன்னு சொல்ல எனக்கு ஒரு லோரி தேவைப்பட்டது. 'லோரியா இருக்கும்'னேன். இருக்கும்னுதான் சொன்னேன்.

ஞானாம்பிகை: சாயங்காலத்துக்குள்ள 'இருக்கும்' கழண்டு போச்சு.

அம்பிகைபாகன்: ஆமா. கட்டை ஏறிக்கிச்சு.

ஞானாம்பிகை: பொலிஸ்காரர் வந்து, ரோட்ல லோரித் தடமே இல்லைன்னப்ப?

அம்பிகைபாகன்: மழை கழுவிருச்சுன்னேன்.

ஞானாம்பிகை: அன்னைக்கு மழையே இல்ல.

அம்பிகைபாகன்: நூஹ் நபி காலத்துப் பிரளயம் மாதிரி மழைன்னு சொன்னதா ஞாபகம்.

ஞானாம்பிகை: இன்னைக்கு சுலைஹா கேக்கும். உங்களத்தான் முதல்ல கேக்கும். அப்ப என்ன சொல்லப் போறீங்க?

அம்பிகைபாகன்: சந்திரிகாதான் இருக்கே. அது 'ம்'னு ஏதாவது...

ஞானாம்பிகை: ஒத்திகை ஒத்திகைன்னீங்கல்ல? வாங்க, பாப்போம். நான் சுலைஹா. 'அண்ணே, அந்த லோரிக்கு என்ன நிறம்?'

அம்பிகைபாகன்: தங்கச்சி... இந்த உலகத்துல நிறங்கிறது என்ன? இன்னைக்குச் சிவப்பா இருக்கிறது நாளைக்கு...

ஞானாம்பிகை: இது பதில் இல்ல. திரும்ப. 'அண்ணே, அந்த லோரிக்கு என்ன நிறம்?'

அம்பிகைபாகன்: சரியாத் தெரியலம்மா. தூசி. ஒரு பாலைவனத்துத் தூசியே...

ஞானாம்பிகை: தூசி வேணாம்.

அம்பிகைபாகன்: கொஞ்சம் தூசி போட்டுக்கிறேனே.

ஞானாம்பிகை: ஒரு பொட்டும் வேணாம். இஞ்சாருங்கோ, என்னைப் பாருங்க. அந்தப் பொம்பள இன்னைக்குச் சாயங்காலம் அந்த முக்குல நிக்கக் கூடாது. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம். நீங்க வெக்கப்பட்டாலும் சரி, நான் வெக்கப்பட்டாலும் சரி. ஃபெரி கரை சேரறதுக்குள்ள நீங்க இத ஒரு தடவையாவது சுத்தமா சொல்லணும். 'அண்ணே, லோரிக்கு என்ன நிறம்?'

அம்பிகைபாகன்: தெரியாது.

ஞானாம்பிகை: 'ஏன் தெரியாது? நீங்கதானே சிவப்புன்னு சொன்னீங்க?'

அம்பிகைபாகன்: நீ என்ன வக்கீல் மாதிரி...

ஞானாம்பிகை: சுலைஹா கேக்காதா? 'நீங்கதானே சொன்னீங்க அண்ணே. நான் மழையில நின்னேனே.'

அம்பிகைபாகன்: ...

ஞானாம்பிகை: காத்திருக்கேன். அந்த அம்மா மாதிரி.

அம்பிகைபாகன்: சொன்னேன்மா. தெரியாமத்தான் சொன்னேன். என்ன நிறம்னு எனக்குத் தெரியாது. லோரி வந்திச்சான்னே எனக்குத் தெரியாது. நான் அங்க இல்ல.

ஞானாம்பிகை: இன்னொரு தடவ.

அம்பிகைபாகன்: நான் அங்க இல்லம்மா.

சற்குணம்: நான் இருந்தேன்.

அம்பிகைபாகன்: ஞானம். நீயா பேசின?

ஞானாம்பிகை: திரும்பாதீங்க. அப்படியே முன்னால பாத்துக்கிட்டு இருங்க. ஒண்ணும் கேக்காதீங்க.

சற்குணம்: தண்ணி.

ஞானாம்பிகை: இந்தா. மெதுவா. குரல் கட்டியிருக்கும், மெதுவா குடி தம்பி.

அம்பிகைபாகன்: கரை வந்திருச்சு, பலகைய இறக்கிட்டான். பின்னால ஹார்ன் அடிக்கிறானுங்க.

ஞானாம்பிகை: அடிக்கட்டும்.

அம்பிகைபாகன்: நானும் அதத்தான் சொல்றேன். நாள் முழுக்க அடிக்கட்டும்.

சற்குணம்: அப்பா. நீங்க உள்ள போனதும் சுலைஹா மாமி கேட்டா... இப்பச் சொன்னீங்களே, அத மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒண்ணும் சேக்காதீங்க.

அம்பிகைபாகன்: சேக்கல. சத்தியமா சேக்கல.

சற்குணம்: அந்த வார்த்தைய சொல்லாதீங்கப்பா. மாமி அவன்கிட்ட அதத்தான் வாங்கியிருந்தாங்க.

ஞானாம்பிகை: எத? சத்தியமா? யார்கிட்ட, ஜபருல்லாகிட்டயா?

சற்குணம்: குர்ஆன் மேல. லைசென்ஸ் எடுக்கிற வரைக்கும் பின்னால மட்டும்தான் உக்காருவேன்னு. நீங்க லோரின்னு சொன்னப்ப... எனக்கு நல்லதாப் போச்சு. வாய மூடிக்கிட்டா அவன் சத்தியம் அப்படியே இருக்கும். மாமிக்கு அவன் நல்ல பிள்ளையாவே இருப்பான். அப்புறம்தான் அந்தக் குடைய பாத்தேன். லோரி இல்லைன்னு சொல்லவும் முடியல. சொன்னா அடுத்த கேள்வி கேப்பாங்க.

ஞானாம்பிகை: அடுத்த கேள்வியா...

சற்குணம்: காடிய எடுங்கப்பா. அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க.

அம்பிகைபாகன்: எடுக்கிறேன். எடுக்கிறேன் தம்பி. ஒண்ணே ஒண்ணு, நீ சொல்றதுன்னா சொல்லு, இல்லைன்னா வேணாம். அங்க போய் நீ என்ன சொல்லப் போறே?

சற்குணம்: லோரியே வரலைன்னு சொல்லப் போறேன். மோட்டார ஓட்டினது ஜபருல்லான்னு சொல்லப் போறேன். அவன் வேணாம் வேணாம்னு சொல்லியும் சாவிய அவன் கையில திணிச்சது நான்னு சொல்லப் போறேன்.